செப்டம்பரில் வரும் பெயர்

நாற்பதாம் நாள் பூசை முடிந்ததும், தேவாலயத்தை ஒட்டிய அறையில் வந்தவர்களுக்குக் கசப்புக் காப்பியும் ஒரு வாய் பிராந்தியும் கொடுத்தோம். அவித்த கோதுமையில் சர்க்கரையும் மாதுளை முத்தும் கலந்து சின்னக் காகிதப் பைகளில் போட்டு வைத்திருந்தேன். வாசலில் நின்று ஆளுக்கொன்றாக நீட்டினேன். வாங்கிக்கொண்டவர்கள் எல்லாரும் என் கணவரைப் பற்றி ஒரே வார்த்தையைத்தான் சொன்னார்கள்.

"கூப்பிட்ட உடனே வந்து நிப்பாரும்மா."

மீன்கடைக்காரர் அதைக் கொஞ்சம் நீட்டிச் சொன்னார். "ஆகஸ்ட் மாசம், கடை முழுக்க மத்தி. ஃப்ரீசர் படுத்துடுச்சு. ஃபோனை வெச்சுட்டுத் திரும்புறேன், வாசல்ல வேன் நிக்குது. அப்படி ஒரு மனுஷன் இனிமே பொறந்துதான் வரணும்."

கீழ்வீட்டு பேக்கரிக்காரி ஃபோதினி கண்ணைத் துடைத்துக்கொண்டே, "ஞாயித்துக்கிழமைன்னுகூடப் பார்க்க மாட்டாரு லெமோனியா. எத்தனை தடவை பாதிச் சாப்பாட்டுல எழுந்து வந்திருக்காரு!" என்றாள்.

எனக்குத் தெரியாதா? அந்தப் பாதிச் சாப்பாடு என் மேசையில்தான் ஆறிக் கிடந்தது.

நான் தலையை ஆட்டிக்கொண்டே பைகளை நீட்டினேன். அவர்கள் சொன்ன மனிதரோடு நான் வாழ்ந்ததே இல்லை. கூப்பிட்ட உடனே வரும் அந்த ஸீசிஸை ஊரே அறிந்திருந்தது, மீன்கடையும் பேக்கரியும் துறைமுகத்து ஐஸ் கிடங்கும் அறிந்திருந்தன. கறுப்பு உடையில் நின்றுகொண்டு, அவரை அறிந்திருந்தவர்கள் மேல் எனக்குப் பொறாமையாக இருந்தது. என்னோடு வாழ்ந்தவர் வேறு ஒருவர். அவரைப் பற்றியும் யாராவது சொல்ல வேண்டும் அல்லவா?

ஸீசிஸ் பிறந்தது நாங்கள் இருக்கிற வோலோஸ் நகரத்துக்கு மேலே, மலையில் ஓர் ஊரில். தகப்பனார் சீக்கிரம் போய்விட்டார். வளர்த்தது தாய் பொலிக்ஸேனி. என் அத்தை. அவருக்குக் குரல் பெரியது. அவர் ஒருவரைத் திட்ட ஆரம்பித்தால் எதிர்ச் சரிவில் இருக்கிற வீடுகளில்கூட ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்பார்களாம். சின்ன வயதில் ஒரு தடவை, ஸீசிஸ் மேய்க்கக் கொண்டுபோன ஆடு பள்ளத்தில் விழுந்து செத்துவிட்டது. "ஆடு எங்கடா?" என்று அம்மா கேட்கும்போதெல்லாம், "மேல நிக்குதும்மா, நாளைக்குக் கூட்டிட்டு வரேன்" என்று சொல்லியே நாட்களை ஓட்டியிருக்கிறார். இந்தக் கதையை எனக்குச் சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

"அடி விழும்னு தெரியாதா உனக்கு?" என்று கேட்டேன்.

"தெரியும். ஆனா அன்னிக்கு விழல, பாரு."

அன்றைக்கு விழவில்லை என்பதுதான் அவருக்குப் போதுமானதாக இருந்தது. மறுநாளும் அதே கணக்கு. அந்தச் சிறுவன் பெரியவனாகி, ஃப்ரிட்ஜ் மெக்கானிக் ஆகி, வேன் வாங்கி, மீசை வைத்த பிறகும் அந்த ஆடு மேலேயேதான் நின்றுகொண்டிருந்தது.

நான் வேதியியல் படித்துவிட்டு நகராட்சியில் குடிநீரைச் சோதிக்கிற அறையில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். அங்கிருந்த குளிர்பெட்டி ஒரு நாள் நின்றுபோனது. ஃபோன் செய்தோம், உடனே வந்தார். அன்றைக்கு நான் அவருக்கு வெளியாள், அதனால்தான் உடனே வந்தார் என்பது பின்னால்தான் புரிந்தது. பழகிய பிறகு, எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜைப் பார்க்கிற சாக்கில் இரண்டு கோடை முழுக்க வந்து போய்க்கொண்டிருந்தார். கேட்க வேண்டியதை மட்டும் கேட்கவில்லை. கடைசியில் என் அம்மா அசிமினாதான் கேட்டாள். புகையிலைக் கிடங்கில் வேலை செய்து என்னைத் தனியாளாக வளர்த்தவள். வளைத்துப் பேச அவளுக்கு வராது.

"தம்பி, நீ ஃப்ரிட்ஜைப் பார்க்க வர்றியா, பொண்ணைப் பார்க்க வர்றியா? ஃப்ரிட்ஜ் நல்லாத்தான் ஓடுது."

அவர் காதெல்லாம் சிவந்துபோய், "இந்தப் பண்டிகை முடியட்டும்னு இருந்தேன்மா," என்றார்.

"எந்தப் பண்டிகைப்பா? இப்ப ஒண்ணும் இல்லையே."

எங்கள் ஊர் நாட்காட்டி அவருக்கு நல்ல துணை. எப்போது பார்த்தாலும் முன்னால் ஏதோ ஒரு பண்டிகை நிற்கும். பால்கனிக் கதவு கிறிஸ்துமஸுக்கு அப்புறம். குளியலறை ஓடு ஈஸ்டருக்கு அப்புறம். ஈஸ்டர் வந்தால் கோடை பக்கத்தில் வந்துவிடும், கோடையில் ஊரிலுள்ள ஃப்ரிட்ஜ் எல்லாம் அவரைக் கூப்பிடும். ஆகஸ்ட் பதினைந்து மாதா திருநாள் முடியட்டும் என்பார். அது முடிந்தால், "செப்டம்பர் பொறக்கட்டும், எல்லாத்தையும் புதுசா ஆரம்பிப்போம்." செப்டம்பர் வந்தால் கிறிஸ்துமஸுக்கு என்ன தூரம்?

கதவும் ஓடும் போனால் போகட்டும். நான் சொல்ல வந்தது எங்கள் மகளைப் பற்றி.

எங்கள் பக்கத்தில் குழந்தை பிறந்தால், ஞானஸ்நானத்தில் பெயர் வைக்கிற வரைக்கும் அதற்குப் பெயர் கிடையாது. பெண்ணாக இருந்தால் பெம்பா, அதாவது பாப்பா. சில மாதம், அதிகம் போனால் ஒரு வருடம் அப்படிக் கூப்பிடுவார்கள். முதல் பெண்ணுக்குத் தகப்பனைப் பெற்றவள் பெயர் வைப்பது வழக்கம். அதன்படி என் மகள் பொலிக்ஸேனி ஆகியிருக்க வேண்டும். ஆனால் நான் கர்ப்பமாக இருந்தபோது என் அம்மா இறந்துபோனாள். எனக்கு அண்ணன் தம்பி கிடையாது, அக்கா தங்கை கிடையாது. அந்தப் பெயரை இனிமேல் யார் வைக்கப்போகிறார்கள்?

ஸீசிஸிடம் ஒரே ஒரு தடவைதான் சொன்னேன். "நான் கேட்க மாட்டேன். நீயா சொல்லணும், அசிமினான்னு. கேட்டு வாங்கின பேரு எனக்கு வேண்டாம்."

அத்தைக்கும் அதே வீம்புதான். அவர் சொன்னது இவ்வளவுதான்: "வழக்கம் என்னன்னு அவனுக்குத் தெரியும். தெரிஞ்சவன்கிட்ட நான் ஏன் வாயைத் திறக்கணும்?" எதிர்ச் சரிவு வரைக்கும் குரல் கேட்கிற மனுஷி இந்த ஒரு விஷயத்தில் மட்டும் மௌனமாக இருந்தார். அந்த மௌனம்தான் ஸீசிஸை நடுங்க வைத்தது.

இரண்டு பக்கமும் இரண்டு பெண்கள் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். நடுவில் குழந்தை தவழ்ந்தது, நடந்தது, பேசவும் ஆரம்பித்தது. பெயர் மட்டும் வரவில்லை. முதல் வருடம் என் அம்மாவுக்குத் துக்கம் காத்தோம். அடுத்தது லீப் வருடம், அதில் நல்ல காரியம் வேண்டாம் என்றார் ஸீசிஸ். அப்புறம் ஒரு பாதிரியார், இரண்டு பெயரையும் சேர்த்து வைத்துவிடுங்கள் என்று நல்ல யோசனை சொன்னார். எந்தப் பெயர் முன்னால் வரும் என்ற கேள்வியில் அந்தக் குளிர்காலம் போயிற்று.

அத்தை வீட்டுக்கு வரும்போதெல்லாம் நான் அவருடைய கையைத்தான் பார்ப்பேன். குழந்தையின் தலையை எப்படித் தடவுகிறார், தன் பொருளைத் தடவுகிற மாதிரி தடவுகிறாரா என்று. மகனுக்கு அவர் கொண்டுவரும் கீரைப் பணியாரத்தை ஸீசிஸ் எத்தனை தின்கிறார் என்று கவனிப்பேன். நான் செய்ததில் மிச்சம் வைப்பார். அம்மா செய்ததில் துளி மிச்சம் இருக்காது. இதையெல்லாம் கவனிக்கக் கூடாது என்று எனக்குள்ளேயே சொல்லிக்கொள்வேன். கண்கள் கேட்காது.

கீழே ஃபோதினி. அவளுடைய பேக்கரியில் கண்ணாடி வைத்த பெரிய ஃப்ரிட்ஜ் ஒன்று இருந்தது, கேக்குகளுக்காக. அது எப்போது பார்த்தாலும் கெட்டுப்போகும். அவள் கல்யாணம் செய்துகொள்ளாதவள், சிரித்தால் தெரு திரும்பிப் பார்க்கும். அவள் படிக்கட்டில் நின்று, "ஸீசி! என் கேக்கெல்லாம் அழுவுது!" என்று கத்துவாள். இவர் கரண்டியை வைத்துவிட்டுக் கருவிப் பெட்டியை எடுப்பார்.

ஒரு நாள் தாங்கவில்லை. திரும்பி வந்து கை கழுவிக்கொண்டிருந்தவரிடம் கேட்டேன். "அவ கூப்பிட்டா கால்ல இறக்கை முளைச்சுடுது. எனக்கு ஒரு பேரு சொல்ல மட்டும் நாக்கு எழ மாட்டேங்குது. அவகிட்ட அப்படி என்னதான் இருக்கு?"

"அவகிட்ட ஒண்ணும் இல்ல. ஃப்ரிட்ஜ்தான் இருக்கு."

"அந்த ஃப்ரிட்ஜ்ல என்ன இருக்கு?"

அவர் குழாயை மூடினார். துண்டை எடுத்து விரல் விரலாகத் துடைத்துக்கொண்டே சொன்னார். "கம்ப்ரசர் போச்சா, மாத்துறேன். கேஸ் இல்லையா, போடுறேன். அது ஓடிடுச்சுன்னா எல்லாருக்கும் சந்தோஷம். ஃப்ரிட்ஜுக்கு ரெண்டு அம்மா கிடையாது லெமோனியா."

அன்றைக்குத்தான் எனக்கு முதல் தடவையாகக் கொஞ்சம் புரிந்தது. அதுவரை சோம்பேறித்தனம் என்று நினைத்திருந்தேன். சோம்பேறி எப்படி வெயிலில் ஃப்ரீசரைத் தோளில் தூக்கிக்கொண்டு மூன்று மாடி ஏறுவான்? வேலை எதற்கும் அவர் பயந்தது கிடையாது. அவர் பயந்ததெல்லாம் முகத்துக்குத்தான். தான் செய்கிற ஒன்றால் யாருடைய முகமாவது சுருங்கும் என்றால், அதற்கு முன்னால் ஒரு பண்டிகையைக் கொண்டுவந்து நிறுத்திவிடுவார். வெளியாட்கள் முகம் சுருங்கினால் அவருக்கு வலிக்காது, அதனால் வெளியாட்களுக்கு எல்லாம் உடனே நடந்தது. வீட்டு மனிதர்களுக்குத்தான் ஈஸ்டருக்கு அப்புறம்.

புரிந்தது. பொறாமை குறையவில்லை. அன்பு வைத்ததற்குக் கிடைத்த கூலி காத்திருப்பு என்றால், அன்பு வைக்கப்படாதவர்கள் கொடுத்து வைத்தவர்கள்தானே?

மகளுக்கு ஐந்து வயது நடந்தது. செப்டம்பரில் அவளைப் பாலர் பள்ளியில் சேர்க்க வேண்டும். அந்த ஆகஸ்ட் மாதா திருநாளன்று கடற்கரையில் சந்தை போட்டிருந்தார்கள். ராட்டினம், சுட்ட சோளம், ஒலிபெருக்கியில் பாட்டு, காலை வைக்க இடமில்லாத கூட்டம். அவர் தெரிந்தவர்களோடு ஒரு கடையில் உட்கார்ந்து, சின்னக் கிளாஸில் சிப்புரோச் சாராயமும் தட்டில் சுட்ட கணவாயுமாக இருந்தார். நான் சோளம் வாங்கிக் காசு கொடுத்துவிட்டுத் திரும்பினேன். குழந்தை இல்லை.

"பெம்பா!" என்று கத்தினேன்.

இந்தப் பக்கம் ஒரு தள்ளுவண்டியிலிருந்து ஒரு குழந்தை திரும்பிப் பார்த்தது. அந்தப் பக்கம் தகப்பன் தோளில் உட்கார்ந்திருந்த இன்னொன்று. ஒரு அம்மா என்னைப் பார்த்து, "என்னங்க, எங்க பெம்பாவை ஏன் கூப்பிடுறீங்க?" என்று குழந்தையை இழுத்து அணைத்துக்கொண்டாள். ஸீசிஸ் ஓடி வந்தார். அவரும் கத்தினார். கடற்கரை முழுக்கக் கைக்குழந்தைகள்தான் எங்களைத் திரும்பிப் பார்த்தன.

அப்போது பாட்டு நின்றது. ஒலிபெருக்கியில் ஒரு ஆளின் குரல் வந்தது. "கொஞ்சம் கவனிங்க. இங்க ஒரு சின்னப் பொண்ணு நிக்குது. சிவப்புச் செருப்பு. நல்ல தெளிவாப் பேசுது. உன் பேர் என்னம்மான்னு கேட்டா..." குரலில் சிரிப்பு வந்து நின்றது. "இந்தா, நீயே சொல்லு."

மைக்கில் என் மகளின் குரல் கேட்டது. அழாமல், பெரிய மனுஷி மாதிரி பதில் சொன்னாள். "என் பேரு இன்னும் வரல. செப்டம்பர்ல வருமாம். அப்பா சொன்னாரு."

கடற்கரை முழுக்கச் சிரித்தது. "எந்த வருஷம் செப்டம்பர்?" என்று யாரோ கத்தினார்கள். "தபால்ல வருதா, கப்பல்ல வருதா?" என்று இன்னொருவர். மைக்குக்காரர் விடவில்லை. "சரி, செப்டம்பர்ல பேர் வரப்போற பொண்ணோட அப்பா எங்க இருந்தாலும் மேடைக்கு வாங்க. வரும்போது பேரையும் கொண்டுவாங்க!"

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ஃபோதினி அங்கே இருந்தாள். குழந்தையைக் கண்டுபிடித்துக் கையைப் பிடித்து மேடைக்குக் கூட்டிப்போனது அவள்தான். குழந்தை அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டு நின்றது. அந்த நிலையிலும் எனக்கு முதலில் கண்ணில் பட்டது, அந்தச் சின்னக் கை அவளுடைய பாவாடையை எவ்வளவு இறுக்கமாகப் பிடித்திருந்தது என்பதுதான்.

ஸீசிஸ் குழந்தையைத் தூக்கிக்கொண்டார். வீடு வரும்வரை கீழே இறக்கவில்லை.

மறுநாள் காலையில் வேனை எடுத்துக்கொண்டு போனார். மதியம் வந்து சொன்னார். "இந்த ஞாயித்துக்கிழமை ஞானஸ்நானம்."

"எந்த ஞாயிறு?"

"இப்ப வர்றது. டவுன்ல எந்தக் கோயில்லயும் ஒரு மாசத்துக்கு இடம் இல்ல. அம்மா ஊர்ல கிடைச்சுது. சாமியார் செப்டம்பர் முதல் ஞாயிறு வெச்சுக்கலாம்னாரு. நான் செப்டம்பர்னு மட்டும் சொல்லாதீங்க சாமின்னுட்டேன்."

"என்ன பேரு?"

"அது இன்னும் முடிவு பண்ணல."

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "இத்தனை வருஷமா நான் பண்ணின தப்பு அதுதான். முடிவு பண்ணிட்டு அப்புறம் தேதி வைக்கலாம்னு இருந்தேன். முடிவு வரவே இல்ல. இப்பத் தேதியை வெச்சுட்டேன். ஞாயித்துக்கிழமை சாமியார் கேட்பாரு, நான் ஏதாவது சொல்லித்தான் ஆகணும்."

"ஞானத்தாய் யாரு?"

"ஃபோதினிகிட்ட கேட்டேன். சரின்னா."

"அவளா!" என் குரல் எனக்கே அத்தை குரல் மாதிரி கேட்டது. "ஊர்ல வேற பொம்பளையே இல்லையா?"

"அவ வாய் உனக்குத் தெரியுமே. இந்நேரம் ரொட்டி வாங்க வந்தவங்க எல்லாருக்கும் சொல்லியிருப்பா. இனிமே நான் நினைச்சாலும் தள்ளிப்போட முடியாது. அதுக்காகத்தான் அவகிட்ட போனேன்."

சாயங்காலம் நான் ரொட்டி வாங்கக் கீழே இறங்கினேன். வரிசையில் நின்ற அத்தனை பேரும் என்னைப் பார்த்து வாழ்த்துச் சொன்னார்கள்.

ஆனால் எனக்கு விஷயம் முடிந்துபோயிற்று என்று தோன்றிவிட்டது. அத்தையின் ஊர், அத்தையின் தேவாலயம். அங்கே போய் மருமகளின் அம்மா பெயரை எவன் வைப்பான்? அந்த வாரம் முழுக்க அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். வியாழக்கிழமை மதியம் சொல்லாமல் கொள்ளாமல் எங்கோ போய்விட்டு இருட்டும்போது வந்தார். சட்டையில் விறகுத் தூள் ஒட்டியிருந்தது. நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மலைக்குப் போனோம். அந்த ஊர் சாமியார் பழைய ஆள். குழந்தையைத் தொட்டியில் முக்கும்போது பெற்றவள் உள்ளே இருக்கக் கூடாது என்பார். தாய் வெளியே முற்றத்தில் காத்திருக்க வேண்டும், பெயர் சொன்னதும் ஊர்ப் பிள்ளைகள் ஓடிவந்து அவளிடம் கத்துவார்கள், முதலில் வந்த பிள்ளைக்குக் காசு கொடுக்க வேண்டும். டவுனில் இதெல்லாம் எப்போதோ போய்விட்டது. இங்கே போகவில்லை. கையில் சில்லறையை வைத்துக்கொண்டு மரத்தடிக் கல்பெஞ்சில் உட்கார்ந்தேன். என் மகளுக்குப் பெயர் வைக்கிறார்கள், ஃபோதினி உள்ளே இருக்கிறாள், நான் வெளியே.

கதவு திறந்தது. அத்தை வந்தார். கறுப்புத் தலைத்துணியைச் சரிசெய்துகொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"நீங்க ஏன் அத்தை வந்துட்டீங்க? உள்ள இருக்கலாமே."

"எனக்கு அங்க நின்னு கேட்க வேண்டியது ஒண்ணும் இல்ல. எனக்குத் தெரியும்."

அவ்வளவுதான். அவருக்குத் தெரியும் என்றால் அது அவர் பெயராகத்தான் இருக்க முடியும். நான் முன்னால் இருந்த தண்ணீர்க் குழாயைப் பார்த்தேன். பக்கத்தில் திரும்பினால் அந்த முகத்தில் இருக்கும் வெற்றியைப் பார்க்க வேண்டியிருக்கும்.

உள்ளே தண்ணீர்ச் சத்தம் கேட்டது. கைக்குழந்தைக்கான தொட்டியில் ஐந்து வயதுப் பெண்ணை நிறுத்தியிருக்கிறார்கள். "சாமி, குளிருது! மெதுவா ஊத்துங்க!" என்று அவள் அதட்டியது முற்றம் வரைக்கும் கேட்டது. உள்ளே எல்லாரும் சிரித்தார்கள்.

"வாயைப் பாரு," என்றார் அத்தை. "என்னை மாதிரி."

நான் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

கதவு படாரென்று திறந்தது. பிள்ளைகள் ஒருவரை ஒருவர் தள்ளிக்கொண்டு ஓடிவந்தார்கள். முதலில் வந்த பெண்ணுக்கு முன்பல் இரண்டும் இல்லை.

"அசிமினா! அசிமினா! எனக்குத்தான் காசு!"

நான் எழுந்துவிட்டேன். சில்லறை கையிலிருந்து சிதறியது. பிள்ளைகள் குனிந்து பொறுக்கினார்கள். என் அம்மாவின் பெயரைத் தெரியாத பிள்ளைகள் அதைக் கத்திக்கொண்டு மரத்தைச் சுற்றி ஓடினார்கள். நான் அத்தையைத் திரும்பிப் பார்த்தேன். அவர் அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

"உங்களுக்குத் தெரியும்னீங்களே."

"தெரியும். வியாழக்கிழமையே வந்து சொல்லிட்டான்."

"வியாழக்கிழமையா?"

"வந்து நின்னான். 'அம்மா, உன் பேரை வைக்கப் போறதில்ல'ன்னான். காப்பி போடப் போனவ அப்படியே நின்னுட்டேன். அவன் பொறந்ததிலிருந்து ஒரு கெட்ட செய்தியை அவன் வாயால நான் கேட்டதே இல்ல மருமகளே. செத்த ஆட்டைக்கூட நானாத்தான் போய்ப் பார்த்தேன்."

"என்ன சொன்னீங்க?"

"என்ன சொல்லுவேன்? திட்டினேன். வயித்துல சுமந்ததிலிருந்து ஆரம்பிச்சேன். ஓடிடுவான்னு நினைச்சேன். ஓடல. முத்தத்துல உட்கார்ந்து என் விறகைப் பிளந்துக்கிட்டே கேட்டான். அப்புறம் சொன்னான்: 'அம்மா, உன்னைப் பொலிக்ஸேனின்னு கூப்பிட இந்த ஊரே இருக்கு. அசிமினான்னு கூப்பிட லெமோனியாவுக்கு இனிமே யாரும் இல்ல.' அதுக்கு மேல நான் எதைத் திட்டுறது?" அவர் தலைத்துணியின் முனையை இழுத்துவிட்டுக்கொண்டார். "எவ்வளவு நேரம் திட்ட முடியும் ஒரு மனுஷியால? விறகு தீர்றதுக்குள்ள எனக்குத் திட்டு தீர்ந்துபோச்சு. இதுக்குப் போயா அந்தப் பய இத்தனை வருஷம் பயந்தான்?"

அவர் குரலில் வருத்தம் இருந்தது. கோபமும் இருந்தது. ஆனால் அவற்றுக்கெல்லாம் மேலே ஒரு பெருமை இருந்தது. மகன் முதல் தடவையாகத் தைரியசாலியானபோது பக்கத்தில் இருந்தவர் அவர். பெயர் எனக்குக் கிடைத்தது. அந்த வியாழக்கிழமை அவருக்குக் கிடைத்தது. ஸீசிஸ் நனைந்த சட்டைக் கையோடு வெளியே வந்து, மகளைத் துண்டில் சுற்றி என் கையில் கொடுத்தார். நான் அவரைப் பார்த்து முதலில் கேட்டது, "ஏன் என்கிட்ட முன்னாடி சொல்லல?" என்பதுதான்.

"உனக்குச் சொல்றதுல என்ன கஷ்டம்?" என்றார் அவர், உண்மையாகவே புரியாமல். "அது நல்ல செய்திதானே."

விருந்தில் எல்லாரும் ஆடினார்கள். நானும் ஆடினேன். ஆடிக்கொண்டே, மகனுடைய தட்டில் அத்தை இறைச்சி எடுத்து வைப்பதைப் பார்த்தேன். இந்த மனிதரோடு இத்தனை வருடம் படுத்து எழுந்தும், கஷ்டமான ஒன்றை அவர் வாயால் நான் கேட்டதில்லை என்று நினைத்துக்கொண்டேன். நான் என்ன, ஊட்டி வளர்க்கிற குழந்தையா? எனக்கு எப்போதும் இனிப்பு மட்டும்தானா?

அதற்குப் பிறகு அவர் அடியோடு மாறிவிட்டார் என்று சொன்னால் அது பொய். பால்கனிக் கதவு இன்றைக்கும் கையால் தூக்கித்தான் மூட வேண்டும். ஆனால் ஒரு பழக்கம் வந்துவிட்டது. தள்ளிப்போட மனம் தேடுகிற காரியம் எது என்று தன்னையே கவனிப்பார். "இது ஆடு," என்று முணுமுணுப்பார். அப்புறம் யாரிடமாவது ஒரு நாளைச் சொல்லி மாட்டிக்கொள்வார். பெரும்பாலும் ஃபோதினியிடம். அவள் கடையில் அவர் சொன்ன தேதிகள் எனக்குப் பிறகுதான் தெரியவரும். அதிலும் எனக்கு எரிச்சல்தான். அத்தை சாகக் கிடந்தபோது, டாக்டர் சொன்னதை மறைக்காமல் அவரிடமே போய்ச் சொன்னார். நான் அறைக்கு வெளியே நின்றேன். உள்ளே தாயும் மகனும் பேசிய சத்தம் கேட்டது, வார்த்தை கேட்கவில்லை.

அசிமினா வளர்ந்து, படித்து, தெசலோனிக்கிக்கு வேலைக்குப் போனாள். அவர் வேனை விற்காமல் ஓட்டிக்கொண்டிருந்தார். போன வருடம் இலையுதிர்காலத்தில் சாப்பாடு இறங்கவில்லை என்றார். ஆஸ்பத்திரிக்குத் தனியாகவே போய்க்கொண்டிருந்தார். என்ன பரிசோதனை என்று கேட்டால், வயிறு என்பார்.

ஒரு மதியம் நான் சமையலறையில் பச்சை பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தேன். படியில் அவர் காலடி கேட்டது. வழக்கமாக வாசலிலேயே கழற்றிப் போடுகிற ஷூவோடு உள்ளே வந்தார். வேன் சாவி இன்னும் கையில் இருந்தது. எனக்கு எதிரே உட்கார்ந்து, கத்தியை என் கையிலிருந்து வாங்கி மேசையில் வைத்தார்.

"லெமோனியா, டாக்டர் இப்பத்தான் சொன்னாரு. வயித்துல கட்டி. ஈரலுக்கும் பரவிடுச்சு. ஆபரேஷன் பண்ண முடியாதாம்."

நான் அவரையே பார்த்தேன். என் வாயிலிருந்து வந்த கேள்வி இதுதான்.

"வேற யாருக்குத் தெரியும்?"

"யாருக்கும் தெரியாது."

"அசிமினாவுக்கு?"

"இல்ல. உன்கிட்ட சொல்லிட்டு அப்புறம் சொல்லலாம்னு."

"ஃபோதினிக்கு?"

"கடையைத் தாண்டித்தான் வந்தேன். கையை ஆட்டினா. நான் நிக்கல. நேரா மேல வந்துட்டேன்."

ஒரு கணம் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அப்புறம்தான் அவர் சொன்னது என் காதில் விழுந்தது.